மூன்றாம் வளைவறையின் சுவர்

அடுத்த அறையில் அலமாரியின் அடி இழுப்பறை கிறீச்சென்று பாதியில் சிக்கியது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அதை ஆட்டி அசைத்து வெளியே இழுப்பது கேட்டது.

பெர்னபே அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இழுப்பறையில் அம்மாவின் நல்ல கறுப்பு உடை இருந்தது. சாவு வீட்டுக்கும் பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கும் மட்டும் வெளியே வருகிற உடை. இன்று அவள் அதை ஒரு சுவரைப் பார்க்கப் போவதற்காக எடுக்கிறாள்.

"நிதானமா வரட்டும் தம்பி," என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர். "கோட்டைப் பாதையில கடல் தண்ணி வத்த இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்."

அவர் பெயர் எவரிஸ்தோ. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிரான்சில் நாற்பது வருடம் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் தாய்நாட்டுக்குத் திரும்பியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயரும் நேரத்தில் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, "ஹசிந்தோ வீடு இதுதானே?" என்று கேட்டார். அந்தப் பெயரை அந்த வாசலில் நின்று யாரும் சத்தமாகச் சொல்லி நாற்பத்தேழு வருடம் ஆகியிருந்தது. ஹசிந்தோவின் மனைவி, பெர்னபேயின் தாய் ரெக்லா, கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், உள்நாட்டுச் சண்டை தொடங்கிய வருடம், சாந்தா தெக்லா கோட்டையின் மூன்றாம் வளைவறையில் அவரும் ஹசிந்தோவும் நாற்பத்தோரு நாள் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தார்கள். கடைசி ஒரு வாரம் ஹசிந்தோ ஒரு கரண்டியின் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு, சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் எழுதிக்கொண்டே இருந்தார். பீரங்கித் துளைக்கு இடப்பக்கம், ஒரு ஆள் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில்.

"என்ன எழுதினான்னு நான் பாக்கலைம்மா," என்று ரெக்லாவிடம் அவர் சொன்னார். "முதுகைக் காட்டி மறைச்சுக்குவான். கேட்டா, 'இது என் பொண்டாட்டிக்கு, நீ யாருடா?'ன்னு சிரிப்பான். ஏழு நாள் எழுதினான். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டதும் ரெக்லா தட்டை மேசையில் வைத்தாள். கையைத் துடைத்தாள். உடை மாற்றப் போனாள்.

எழுபத்து நான்கு வயதில் அவள் நடந்த நடையைப் பார்த்தால், வாசலில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கத் தோன்றும். அதைப் பார்த்த பெர்னபேயின் நெஞ்சில்தான் சம்மட்டி இறங்கியது. ஏனென்றால் மூன்றாம் வளைவறையின் சுவரில் இப்போது என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சாந்தா தெக்லா கோட்டை கடலுக்குள் நீண்ட பாறைத் திட்டின் மேல் நிற்கிறது. ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து காதிஸ் துறைமுகத்தைச் சூறையாடிவிட்டுப் போன பிறகு, இனி ஒரு தரம் அப்படி நடக்கக் கூடாது என்று ஏதோ ஒரு ராஜா கட்டச் சொன்னானாம். கல்லுக்கு எங்கும் போகவில்லை. தண்ணீர் வற்றும்போது அதே பாறைத் திட்டை வெட்டி எடுத்தார்கள். சிப்பிக்கல். உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சிப்பியும் சங்குமாக இருக்கும். கடலைப் பார்த்து இரண்டு கொத்தளங்கள், ஈட்டி முனை போல. குண்டு பட்டால் வழுக்கிப் போகட்டும் என்று வெளிச்சுவர் அடியிலிருந்து சாய்ந்து ஏறும். மூலைகளில் காவல் கூண்டுகள், ஒரு ஆள் மட்டும் நிற்கிற மாதிரி. பாறையில் கிணறு தோண்ட முடியாதே? அதனால் நடு முற்றத்தையே சரிவாகத் தளம் போட்டு, விழுகிற மழையெல்லாம் அடியில் உள்ள தொட்டிக்குப் போகும்படி செய்திருந்தார்கள். மதில் நடைபாதைக்குக் கீழே ஏழு வளைவறைகள், வளைந்த கூரை போட்ட கல் அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பீரங்கித் துளை. அதன் வழியாக ஒரு முழம் கடல் தெரியும்.

முன்னூறு வருடத்தில் அந்தக் கோட்டை ஒரே ஒரு பிற்பகல் சண்டை போட்டது என்பார்கள். மற்ற நாளெல்லாம் அது வெளியே இருப்பவனை உள்ளே வரவிடாமல் தடுத்ததைவிட, உள்ளே இருப்பவனை வெளியே போகவிடாமல் தடுத்ததுதான் அதிகம். ஓடிப்போன சிப்பாய்கள், கியூபாவிலிருந்து பிடித்து வந்த கலகக்காரர்கள் என்று யார் யாரோ கிடந்தார்கள். கடைசியாக, அந்தக் கோட்டை நிழலில் வலை உலர்த்திய ஊர்க்காரர்களையே உள்ளே போட்டார்கள்.

ஹசிந்தோ மீனவர் சங்கத்தின் செயலாளர். வாள் எடுத்தவர் இல்லை, துப்பாக்கி பிடித்தவர் இல்லை. பேனா பிடித்தவர். சங்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நோட்டில் எழுதினார், அடியில் கையெழுத்துப் போட்டார். பிடிக்க வந்தவர்களுக்கு அந்த நோட்டு கிடைத்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தினமும் தண்ணீர் வற்றியதும் பெண்கள் கல்பாதை வழியாகக் கோட்டை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள். காவலாளி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முந்தின நாள் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவான். பேச்சு கிடையாது. காலிப் பாத்திரம்தான் செய்தி. ஆள் உயிரோடிருக்கிறான், சாப்பிட்டான் என்று அர்த்தம். நாற்பத்திரண்டாம் நாள் ரெக்லாவின் பாத்திரம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கொண்டைக்கடலைக் குழம்பின் மேல் எண்ணெய் உறைந்து தோல் கட்டியிருந்தது. அவளுக்கு வயது இருபத்தேழு. இடுப்பில் ஐந்து வயது பெர்னபே. எங்கே சுட்டார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அன்று கல்பாதையில் நடந்து திரும்பும்போதே அவள் ஒரு முடிவு எடுத்தாள். கணவர் அவளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்திருந்தார். கலியாணமான முதல் குளிர்காலத்தில், கரித்துண்டால் கதவின் பின்பக்கம் எழுதி எழுதிக் காட்டினார். அவளுக்கு மெதுவாகப் படிக்க வரும். ஆனால் அந்த எழுத்தை மகனுக்கு அவள் கற்றுத் தரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. கதவின் பின்பக்கத்தைச் சுண்ணாம்பு அடித்து மூடினாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், "எழுதத் தெரிஞ்சவன் சுவத்துல சாத்திச் சுடப்பட்டான். தெரியாதவன் படகுல போறான், வரான்" என்பாள். பெர்னபே உப்பளத்துக்குப் போனான், செங்கல் சுமந்தான், பதினேழு வயதில் கொத்தனார் ஆனான். எங்காவது கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவான். காகிதத்தைக் காட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பான். அவனிடம் கண்ணாடியே கிடையாது.

தாய் மகனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள். அதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஐம்பத்து மூன்றாம் வருடம், அவனுடைய இருபத்திரண்டாவது வயதில், கோட்டையில் வேலை வந்தது. கடற்படைக்காரர்கள் வளைவறைகளைக் கம்பளியும் கயிறும் வைக்கும் கிடங்காக்க நினைத்தார்கள். சிப்பிக்கல் கடல் ஈரத்தைக் குடித்து உள்பக்கம் வியர்க்கும். சிமெண்டு பூசினால் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பூசுவதற்கு இரண்டு கொத்தனார்கள். ஒருவன் பெர்னபே. இன்னொருவன் ஃபிராஸ்கோ, வேலைக்கு வந்ததும் முதலில் எங்கே படுக்கலாம் என்று பார்க்கிற ஆள். முதல் இரண்டு அறை ஃபிராஸ்கோவுக்கு. மூன்றும் நான்கும் பெர்னபேக்கு.

பழைய சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. அதன் மேல் சிமெண்டு ஒட்டாது. சுவரை முழுக்கக் கொத்திவிட வேண்டும். கூர்ச் சுத்தியலால் குழி குழியாக, பொருக்கு எழும்படி. அப்போதுதான் சிமெண்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஃபிராஸ்கோ அதைச் செய்யவில்லை. சுவரில் ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்துவிட்டு நேரே பூச ஆரம்பித்தான். பெர்னபே விரற்கடை இடம் விடாமல் கொத்தினான். டக், டக், டக் என்று நாள் முழுக்கச் சத்தம் முற்றத்தைத் தாண்டிக் கேட்கும்.

"என்னடா மரங்கொத்தி, அந்தச் சுவத்துல எத்தனை புழு அகப்பட்டுச்சு?" என்று ஃபிராஸ்கோ நிழலில் படுத்துக்கொண்டு கத்துவான். "பாத்துக் கொத்து. அந்தப் பக்கம் கடல் வந்துடப்போவுது."

அந்தப் பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது. இன்றும் அவனை முக்கால்வாசிப் பேர் மரங்கொத்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சுவரில் கீறல்கள் இருந்தன. நிறைய. சிப்பாய்களும் கைதிகளும் பொழுது போகாமல் கிறுக்கியது என்று நினைத்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி வரிவரியாக இருந்தால் அவனுக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு இடத்தில், பீரங்கித் துளைக்கு இடப்பக்கம், வரிகளுக்கு அடியில் ஒரு படகு வரைந்திருந்தது. பாய்மரம் சற்று முன்னால் சாய்ந்த, இந்தக் கரையில் ஓடுகிற படகு. அது அவனுக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் மத்தி மீனும் தின்றான். அதைக் கடைசியாகக் கொத்தலாம் என்று விட்டுவைத்தான். சாயங்காலம் அதையும் கொத்தினான். பாய்மரத்துக்கு நாலு கொத்து, உடலுக்கு ஒன்பதோ பத்தோ.

கடற்படைச் சார்ஜென்ட் வந்து பார்த்துவிட்டு, இவன்தான் வேலைக்காரன் என்று தோளில் தட்டினான். ஃபிராஸ்கோவுக்குத் திட்டு விழுந்தது.

முப்பது வருடம் போயிற்று. சர்வாதிகாரி செத்தான், காலம் மாறியது, கடற்படை கோட்டையை நகர சபையிடம் கொடுத்துவிட்டுப் போனது. சிப்பிக்கல்லின் மேல் சிமெண்டு எத்தனை நாள் நிற்கும்? உப்பு பின்னாலிருந்து தள்ளியது. இந்த வருடம் ஈஸ்டர் சமயத்தில் செவில்லே பல்கலைக்கழகத்திலிருந்து நாலைந்து பேர் வந்து இரண்டாம் வளைவறையில் சிமெண்டை நெம்பினார்கள். அது அப்பளம் போல ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. அடியில் பழைய சுண்ணாம்பு சேதமில்லாமல் இருந்தது. அதில் பெயர்கள். தேதிகள். வரிகள்.

ஃபிராஸ்கோவின் சோம்பேறித்தனம் அத்தனை எழுத்தையும் பத்திரமாக மூடி வைத்திருந்தது!

எதிர்வீட்டு காந்தெலாரியாவின் தகப்பன் எழுதியது முதலில் கிடைத்தது. "ஆட்டை விற்காதே, பிள்ளைக்குப் பால் வேண்டும்" என்பதுதான் மொத்தமும். அந்தப் பிள்ளைதான் காந்தெலாரியா. ஐம்பது வயதுக்காரி, கோட்டையிலிருந்து தெரு வரைக்கும் அழுதுகொண்டே சிரித்தபடி வந்தாள். "ஆட்டை வித்துட்டாங்களே ரெக்லாக்கா, அந்த வாரமே வித்துட்டாங்களே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ரெக்லா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெர்னபே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அப்பா எந்த அறையில் இருந்தார் என்று யாருக்கும் தெரியாதே? ஏழு அறை. அவன் கை பட்டது இரண்டில்தான். மிச்சம் ஐந்து. சிமெண்டு தீர்ந்துபோனதால் கடைசி மூன்றைத் தொடவே இல்லை. அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கட்டும் என்று, கோயில் பக்கமே போகாதவன் மாதாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினான். அம்மா தினமும் கேட்பாள், இன்று யார் பெயர் கிடைத்ததாம் என்று. அவன் யாருடையதையாவது சொல்வான். இன்று இந்த மனிதர் வந்து, வாய் நிறைய, மூன்றாம் அறை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த அறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா முகம் கழுவுகிறாள்.

பெர்னபே முன்னால் குனிந்தான். குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். கொத்தியது, படகு, சார்ஜென்ட் தட்டிக் கொடுத்தது, எல்லாம். எவரிஸ்தோ முதலில் புரியாதவர் போல் பார்த்தார். பிறகு தொப்பியை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வரிகூட மிஞ்சியிருக்காதா தம்பி?"

"நான் கொத்தினா மிஞ்சாதுய்யா," என்றான் பெர்னபே.

அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், பழைய பெருமை எட்டிப் பார்த்தது. அவனுக்கே அது கேட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டான்.

பெரியவர் அடுத்த அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாக, இந்த அம்மா கோட்டைக்கு வரவே கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். அதற்குள் ரெக்லா வாசற்படியில் வந்து நின்றாள். கறுப்பு உடை உடம்புக்குத் தளர்ந்து தொங்கியது. தலையை நீரில் படிய வாரியிருந்தாள். காதில் கலியாணத்தன்று போட்ட சின்னத் தோடு.

"போலாமா?" என்றாள்.

எவரிஸ்தோ எழுந்து நின்றார். உண்மை என்னவென்றால், நான் அதைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். இத்தனை வருடம் கழித்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். ஹசிந்தோ தூங்கியபோது எட்டிப் பார்த்துப் படித்ததாகவும், அப்படியே மனப்பாடமாக இருப்பதாகவும் சொன்னார். தண்ணீருக்குள்ளும் பாசிக்குள்ளும் இந்த வயதில் நடப்பானேன்? இங்கேயே சொல்லிவிடுகிறேன் என்றார்.

ரெக்லா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க."

"'என் ராணியே, நான் உன்னை நினைச்சுக்கிட்டேதான் போறேன். நம்ம பிள்ளையை நல்லா வளர்த்திடு. அழாதே'ன்னு எழுதியிருந்தான்மா."

அவள் கேட்டுக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"என் புருஷன் என்னை ராணின்னு கூப்பிட்டதே இல்லைங்க. 'ஏ கடற்காக்கா'ன்னுதான் கூப்பிடுவாரு, என் தொண்டை அப்படி. நல்ல மனசுக்காரர் நீங்க. யாருக்காக இந்தப் பொய்?"

பெரியவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ரெக்லாவின் பார்வை மகனிடம் போனது. மகன் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தான், கை இரண்டும் தொடைக்கு அடியில். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

"பெர்னபே. நீ எந்த அறை பூசினே?"

அவன் சொன்னான். மூன்றும் நான்கும் என்றான். கொத்திட்டுத்தான் பூசினேன் என்றான். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொத்தனாரின் தாய்க்குக் கொத்துவது என்றால் என்னவென்று தெரியாதா?

அவள் உட்கார்ந்தாள். விழவில்லை, அலறவில்லை. உட்கார்ந்தபின் கறுப்பு உடையின் மடிப்பை முழங்காலில் நீவி நீவிச் சரிசெய்தாள்.

"தினம் சாயங்காலம் வெள்ளை வெளேர்னு வருவே," என்றாள். "புருவமெல்லாம் சுண்ணாம்பு. சட்டையை வாசல்ல உதறுவேன். அப்புறம் மூணு தண்ணி அலசுவேன். மூணாவது தண்ணியிலயும் வெள்ளை போவாது." மடிப்பை நீவுவதை நிறுத்தினாள். "அவர் எழுதினதைத்தான் நான் சாக்கடையில ஊத்தியிருக்கேன்."

"அம்மா..."

"உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருந்தா நீ நின்னுருப்பே. முதல் வரியிலயே நின்னுருப்பே. நான்தானே வேண்டாம்னேன்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திடீரென்று அவள் முகத்தில் வேறொரு வேகம் வந்தது. நாற்காலியை மேசையின் அருகே இழுத்தாள். எதிரே இருந்த காப்பிக் கோப்பையை ஒதுக்கினாள். மேசை விரிப்பை விலக்கி வெறும் பலகையைத் தட்டினாள்.

"நீ பாத்தியே. பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்னியே. எப்படி இருந்துச்சு? படிக்க வேணாம். உருவம் சொல்லு. முதல்ல என்ன இருந்துச்சு? விரலால போட்டுக் காட்டு."

பெர்னபே கையை வெளியே எடுத்தான். சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்து நகமெல்லாம் தேய்ந்துபோன ஆள்காட்டி விரல். அதைப் பலகையில் வைத்தான். கண்ணை மூடினான். படகு தெரிந்தது. பாய்மரம், சாய்வு, அடியில் மூன்று அலை, எல்லாம் அச்சாகத் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த வரிகள் புகையாக இருந்தன. அவன் விரல் நகர்ந்து ஒரு கோடு போட்டது.

"நட்டுவச்ச கம்பு மாதிரி ஒண்ணு," என்றான்.

"சரி. அதுக்குப் பக்கத்துல? வயிறு இருந்துச்சா? கால் நீட்டியிருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. கால் நீட்டியிருந்துச்சு."

"என் பேரு அது," என்றாள் ரெக்லா. மூச்சு வாங்கியது. "என் பேரோட முதல் எழுத்து. அடுத்தது சீப்பு மாதிரி இருக்கும். மூணு பல்லு. இருந்துச்சா?"

"ஆமா. சீப்பு மாதிரி."

"அப்புறம் கொக்கி? இல்ல, வட்டமா?"

"வட்டம். கொக்கியும் இருந்துச்சும்மா."

"ஏணி மாதிரி ஏதாவது?"

"ஏணி. ஆமா, ஏணி இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு எழுத்தே கிடையாது. அவள் எதைக் கேட்டாலும் அவன் ஆமாம் என்பான். அவள் மாட்டைக் கேட்டாலும் மரத்தைக் கேட்டாலும், அழுதுகொண்டே அந்த விரலால் வரைந்து காட்டுவான். அவனுக்கு நினைவு இருந்தது படகு மட்டும்தான். படகைப் படிக்க முடியாது.

ரெக்லா கையை நீட்டி மகனின் விரலை மூடி, பலகையிலிருந்து எடுத்து, அவன் மடியில் வைத்தாள். குழந்தையின் கையை அடுப்பிலிருந்து விலக்குவது போல.

"விடுப்பா," என்றாள். "போதும்."

மேசை விரிப்பை இழுத்து மூடினாள். வெளியே தெருவில் ஆட்கள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ யாரையோ கல்பாதை தெரிகிறதா என்று கேட்டார்கள், தெரிகிறது என்று பதில் வந்தது. கடல் விலகி வழி விட்டிருக்கிறது. ரெக்லா அதைக் கேட்டாள். எழுந்திருக்கவில்லை.

எவரிஸ்தோவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அடுத்த வாரம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மூன்றாம் அறையைத் திறப்பார்கள், ஒருவேளை ஏதாவது ஓரத்தில், ஒரு சொல்லாவது என்று இழுத்தார். பெர்னபே தலையை ஆட்டினான். இல்லை என்று. அந்தச் சுவரை அவனைவிட யாருக்குத் தெரியும்? ஓரமும் விடவில்லை, மூலையும் விடவில்லை. மற்றவர்கள் ஏமாற்றுகிற இடத்தையெல்லாம் தேடித் தேடிக் கொத்தியவன் அவன்.

பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். நாற்பத்தேழு வருடமாகச் சுமந்து வந்த செய்தி. இதைச் சொல்லாமல் சாகக் கூடாது என்று இரண்டு ரயில் மாறி வந்த மனிதர்.

"நான் வராமலே இருந்திருக்கலாம்மா," என்றார்.

உபசாரத்துக்காவது அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார்கள். ரெக்லா எழுந்தாள். வாசல் வரை அவருக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "இன்னிக்குக் காலை வரைக்கும் அவர் எனக்கு எழுதினாரான்னே தெரியாது. அப்போ நிம்மதியா இருந்தேன்."

அவர் படியிறங்கினார். இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கறுப்பு உடையில், தோட்டோடு. வெயில் சாய்ந்து தெருவின் கோடியில் கோட்டையின் கொத்தளம் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெரியவர் தொப்பியை லேசாக உயர்த்திவிட்டு, பஸ் நிற்கும் சதுக்கத்தை நோக்கி மெல்ல நடந்தார்.

உள்ளே மகனின் விசும்பல் கேட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். தெருவில் யார் காதிலும் விழ வேண்டாம் என்று ரெக்லா கதவைச் சாத்தினாள்.